கிழக்குக் கோடியில் ஏழு படிகள்

மோட்டார் நாலு மணிக்குத்தான் நிற்கும். அதுவரைக்கும் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒருவர் காதிலும் விழாது என்பது ஏழெட்டுத் தடவை கத்திய பிறகுதான் சுகந்திக்கு உறைத்தது. பள்ளத்தின் அடியில், கருங்கல் சுவரில் முதுகைச் சாய்த்து, இடது காலை நீட்டிப்போட்டு உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் செருப்புப் பட்டையை மீறி வீங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஏழடிச் சுவர், எதிர்ப்பக்கமும் ஏழடிச் சுவர், நடுவில் எட்டடி அகலத்துக்குச் சரளைக்கல் தரை, மேலே அதே அகலத்துக்கு ஒரு கீற்று வானம். போன் மேலே இருக்கிறது. தான் வரைந்த தோட்ட வரைபடத்தைப் புல்வெளி விளிம்பில் விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் போனை வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துத் தொங்கி இறங்கினாள். நாற்பத்தெட்டு வயதில் என்ன துணிச்சல். கால் தரையில் பட்டது, சரளை புரண்டது, கணுக்கால் மடங்கியது, அவ்வளவுதான். எழுந்து நின்றால் ஒற்றைக் காலில் விரல்நுனி விளிம்பின் புல்லைத் தொடுகிறது. தொட்டால் என்ன, புல்லைப் பிடித்து ஏற முடியுமா, நாலைந்து இழை கையோடு வந்தது. “மூணு பேஸ் கரண்ட் நாலு மணி வரைக்கும் இருக்குதுங் மேடம், மோட்டார் சத்தத்துல வெளிய ஒண்ணும் பேச முடியாது, உள்ளயே உக்காந்துக்கலாங்” என்று வந்தவுடன் மகுடீஸ்வரன் சொல்லியிருந்தார். இந்தத் தோப்பின் சொந்தக்காரர். உள்ளேயே உட்கார்ந்திருக்கலாம். ஏசி, மோர், டீப்பாயின்மேல் அந்தக் கடிதம், கடிதத்தின்மேல் மூடி கழற்றி வைத்த பேனா. ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று எழுந்து வந்தவள் அவள்தான். பாருங் பாருங் தாராளமாப் பாருங் என்று அவர் சிரித்தார். இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

எதிர்ச்சுவரின் கல் இடுக்கில் தண்ணீர் வடிய விட்டிருந்த ஓட்டை ஒன்றிலிருந்து பாம்புச் சட்டை தொங்கியது. முழுச் சட்டையல்ல, ஒரு சாண். அதைப் பார்க்காமல் இருக்க வானத்தைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தால் ஆனைமலைப் பக்கத்திலிருந்து மேகம் ஒன்று கீற்றுக்குள் மூக்கை நீட்டியது. சித்திரை மாதக் கோடை மழை, வந்தால் சொல்லிக்கொண்டு வராது. மலைச்சரிவில் இறங்கும் தண்ணீரை இந்தப் பள்ளம் வாங்கிக்கொண்டு கிழக்கே ஓடையில் விட வேண்டும் என்று கணக்குப் போட்டவளும் அவள்தான். கணக்குச் சரியாகவே இருக்கும், அதில் சந்தேகமில்லை. மழை வராது. சட்டையை உரித்த பாம்பு போயிருக்கும், உரித்த இடத்திலேயே பாம்பு இருக்காது என்று எங்கோ படித்திருக்கிறாள், எங்கே, தமிழிலா இங்கிலீஷிலா. பயப்படும்போது அவளுக்கு எப்போதும் தமிழ்தான் வரும், சமாதானம் சொல்லிக்கொள்வது மட்டும் இங்கிலீஷில் வரும். இருபத்தொரு வருஷம் இங்கிலீஷ்காரர் ஊரில் இருந்ததில் மிஞ்சியது இந்தப் பாகப்பிரிவினைதான். அங்கே இந்த மாதிரிப் பள்ளத்துக்கு ஹா-ஹா என்று பெயர். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் பிரபுக்களின் மாளிகைத் தோட்டங்களில் வெட்ட ஆரம்பித்தார்கள். ஜன்னலில் நின்று பார்த்தால் புல்வெளி அப்படியே மேய்ச்சல் நிலமாக, மேய்ச்சல் நிலம் அப்படியே குன்றாக, குன்று அப்படியே வானமாக நீள வேண்டும். நடுவில் வேலி என்று ஒன்று கண்ணில் படக்கூடாது, அதே சமயம் மாடு உள்ளே வந்து ரோஜாவைத் தின்னவும் கூடாது. அதற்காகப் பள்ளம். வீட்டுப் பக்கம் நெட்டுச் சுவர், மறுபக்கம் மெல்ல ஏறும் சரிவு. மாடு சரிவில் இறங்கி வரும், சுவரைப் பார்க்கும், புல்லைக் கடித்துக்கொண்டே திரும்பிப் போகும். அதற்கு ஒரு கஷ்டமும் இல்லை. முதன்முதலில் அப்படி ஒரு பள்ளத்தின் விளிம்புவரை தெரியாமலே நடந்துபோய் சட்டென்று நின்றாள். கூட வந்த ஹாலிஸ், அந்தத் தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரர், சிரிக்கவில்லை. உன் கண்ணை நான் ஏமாற்றலாம், உன் காலை ஏமாற்றக்கூடாது, அதனால்தான் அந்தப் பக்கம் சரிவு என்றார். அந்த மாளிகையின் ஏரி இருக்கும் இடத்தில் முன்பு ஒரு கிராமம் இருந்ததாம், பார்வைக்கு இடைஞ்சல் என்று பிரபு அதைப் பெயர்த்து மலைக்கு அப்பால் வைத்தாராம். கோடையில் தண்ணீர் வற்றினால் சர்ச் சுவரின் அடிக்கல் தெரியும். அவள் அதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள். டெல்லியில் பேசும்போதுகூட அந்தப் படத்தைக் காட்டினாள், சபை உச்சுக்கொட்டியது.

டெல்லி என்ற இடத்தில் நினைப்பு வழக்கம்போலக் கால் தடுக்கி நின்றது. தை மாதத்திலிருந்து அது அங்கேதான் நிற்கிறது. தை மாதம், பனி இறங்கிய ஒரு காலை, ஆறு மணிக்கு, இந்தத் தோப்பில் முப்பது வருஷமாக மாடு பார்க்கிற வேலாத்தாள் பால் கறக்கப் புறப்பட்டாள். ஆட்கள் குடியிருக்கும் வீடுகள் ரோட்டோரம், மாட்டுக் கொட்டகையும் கிணறும் தெற்கே. நடுவில் மகுடீஸ்வரனின் புது வீடு, புல்வெளி, பள்ளம். மேற்குக் கோடியில் கல் பாலம் இருக்கிறது, அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லப்பட்டிருந்தது. வேலாத்தாளுக்கும் தெரியும், அன்று பனிக்குள் கால் பழைய தடத்திலேயே போய்விட்டது. புல் விளிம்புவரை ஒரே பச்சை, ஒரு கல்லோ ஒரு கோடோ கிடையாது, அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தடித்த எழுத்தில் எழுதியிருந்தது வரைபடத்தில். விழுந்தாள், இடுப்பெலும்பு முறிந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்குக் கரண்ட் போனபிறகுதான் குரல் கேட்டதாம். மூன்று மணி நேரம். அவள் மகன் போலீசில் மனு கொடுத்திருக்கிறான். வரைபடத்தில் சரிவு இருக்கிறது, படிகள் இருக்கின்றன, கட்டியதில் இரண்டும் இல்லை, அப்படியானால் யார் மாற்றியது? கட்டிய மேஸ்திரி இன்னாசியை ஸ்டேஷனுக்கு இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். போலீசுக்குக் கொடுக்க மகுடீஸ்வரன் எழுதி டீப்பாயின்மேல் வைத்திருக்கிற கடிதத்தில் நாலே வரி. மேற்படி மாற்றங்கள் என் கவனத்துக்குக் கொண்டுவரப்படாமல், என் சம்மதமின்றிச் செய்யப்பட்டவை. கீழே அவள் பெயர், பட்டம், கையெழுத்துக்கு இடம். “உங்களுக்கும் பிரச்சினை இல்லீங், எனக்கும் பிரச்சினை இல்லீங்” என்றார் மகுடீஸ்வரன். இன்னாசிக்கு? அதை அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இன்னாசி வத்தலக்குண்டுப் பக்கத்து மனிதர், அறுபதைத் தாண்டியவர், கல்லைத் தட்டிப் பார்த்தே அது எந்தப் பக்கம் உட்காரும் என்று சொல்லுவார். கட்டும்போது அவர் அவளுக்குப் போன் செய்தார். செய்தார்தான். அதில் சந்தேகமில்லை. ஆனால் என்ன கேட்டார்?

மேலே போன் அடித்தது. வரைபடத்தின்மேல் அது அதிர்கிற அதிர்வில் காகிதம் படபடப்பதுகூட மோட்டார் சத்தத்தினூடே கேட்கிற மாதிரி இருந்தது, எழுந்து கை நீட்டினாலும் எட்டாமல், விளிம்பிலிருந்து இரண்டு சாண் உள்ளே. மகுடீஸ்வரனாகத்தான் இருக்கும். மேடம் தோப்புக்குள்ள நடந்துட்டு இருக்கறாங்களாட்டம் என்று நினைத்திருப்பார். வராந்தாவுக்கு வந்து ஒரு பார்வை பார்த்திருப்பார். புல்வெளி, அதற்கப்பால் தென்னை, அதற்கப்பால் மலை, குறுக்கே ஒரு துரும்பு இல்லை. திரும்பி உள்ளே போயிருப்பார். போன் நின்றது. நின்றபிறகு மோட்டார் சத்தம் இன்னும் பெரிதாகிவிட்டது போலிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூக்கம் வராத நேரங்களில் செய்கிற மாதிரி ஒவ்வொரு தோட்டமாக உள்ளே நுழைந்து பார்த்தாள், ஒன்றிலாவது உட்கார இடம் கிடைக்கும் என்று. காஷ்மீர்த் தோட்டத்தில் தண்ணீர் ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்குக் கல் சரிவில் இறங்குகிறது, செதில் செதிலாகச் செதுக்கிய கல், தண்ணீர் அதில் நொறுங்கி வெள்ளையாகிறது. கூடவே ஏறிப் போகப் படிகள் உண்டு. கிரானடாவின் பழைய அரண்மனைத் தோட்டத்தில் ஒரு படிக்கட்டு, அதன் கைப்பிடிச் சுவரின் மேலேயே தண்ணீர் ஓடும், கையை நனைத்துக்கொண்டே ஏறலாம், இருபத்தாறு வயதில் அதில் மூன்று தடவை ஏறி இறங்கினாள். படிகள். கியோட்டோவில் வெள்ளைச் சரளையில் பதினைந்து கற்கள், எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் பதினாலுதான் தெரியும், ஒன்று எப்போதும் மறைந்தே இருக்கும். அங்கே ஒரு முழு மத்தியானம் உட்கார்ந்திருந்தாள். மறைகிற கல்லைப் பற்றி என்னென்னவோ யோசித்தாள், டைரியில் ஐந்து பக்கம் எழுதினாள். மறைந்த கல்லின் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் தோன்றவில்லை. இப்போது கண்ணைத் திறந்தால் சரளை இருக்கிறது, கல் இருக்கிறது. திறக்க மனமில்லை. இந்தத் தோப்பை முதன்முதலில் அளந்துகொடுத்த சர்வேயர் புல்வெளிக்குக் குறுக்கே ஒரு புள்ளிக்கோடு போட்டிருந்தான். ரோட்டோரத்து வீடுகளிலிருந்து கொட்டகைவரை, கொஞ்சம் வளைந்து, ஒரு புளியமரத்தைச் சுற்றிக்கொண்டு. நடைதடம் என்று சின்ன எழுத்தில் எழுதியிருந்தான். கம்ப்யூட்டரில் அதை ஒரே சொடுக்கில் அணைத்துவிட்டாள். அழிக்கவில்லை, அணைத்தாள், கோடு உள்ளே இருக்கும், கண்ணுக்கு மட்டும் தெரியாது. புளியமரத்தை வைத்துக்கொண்டாள், மரம் பார்வைக்கு நன்றாயிருந்தது.

படிகள்! கிழக்குக் கோடியில் ஏழு படிகள் இருக்கின்றன, பள்ளம் வளைந்து திரும்புகிற இடத்துக்கு அப்பால், ஓடையில் சேர்வதற்கு முன்னால். இறங்கும்போதே அதை நம்பித்தானே இறங்கினாள். பார்த்துவிட்டு அந்தப் பக்கமாக ஏறிவிடலாம் என்று கால் தானாகத் தீர்மானித்திருந்தது. கட்டியதில் படி இல்லை என்று மனுவில் இருப்பதைப் படித்தவள், கடிதத்தில் இருப்பதைப் படித்தவள், அதை டீப்பாயிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்தவள், தன் வரைபடத்தை நம்பிக் குதித்திருக்கிறாள். சிரிப்பு வந்தது. சிரித்தால் கணுக்காலில் போய்க் குத்தியது. ஒருவேளை பாதியாவது கட்டியிருப்பார்கள், நாலு படி, மூன்று படி, ஒரு படி போதும், ஒரு படி இருந்தால் ஏறிவிடலாம். உட்கார்ந்தபடியே பின்பக்கமாக நகர ஆரம்பித்தாள், இரண்டு கையையும் ஊன்றி, வலது காலால் உந்தி, இடது காலை இழுத்துக்கொண்டு, குழந்தை தவழக் கற்றுக்கொள்வதற்கு முன் நகர்கிற மாதிரி. காட்டன் புடவை சரளையில் சரசரவென்று கிழிபட்டது. வேலாத்தாளும் இப்படித்தான் நகர்ந்திருப்பாளோ. இடுப்பெலும்பு முறிந்தவள் எப்படி நகர்வாள், விழுந்த இடத்திலேயே கிடந்திருப்பாள். அல்லது நகர்ந்தாளோ, யாரைக் கேட்பது, ஆஸ்பத்திரிக்கு ஒருதரம் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனபோது நல்லாருக்கீங்களா என்று கேட்டாள், இருக்கறனுங் அம்மணி என்று சொன்னாள் அவள். சுவர் வளைந்தது. என்ன அழகான வளைவு. ஒரு கல்லும் துருத்தவில்லை, ஒரு சந்தும் நேர்கோட்டில் ஓடவில்லை, மலையின் வளைவை அப்படியே வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தது. இன்னாசி இதை மூன்று மாதம் கட்டினார். இறங்கி நின்று இதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? வரைந்தவளே இன்றுதான் பார்க்கிறாள். வளைவைத் தாண்டினாள். கோடி வந்தது. ஓடைக்குப் போகும் வாயில் இரும்புக் கம்பி வலை, அதில் தென்னை மட்டையும் பிளாஸ்டிக் உறையும் சிக்கிக் கிடந்தன. வலப்புறம் சுவர். இடப்புறம், ஏழு படி இருக்க வேண்டிய இடத்தில், சுவர். மற்ற இடத்தைவிட இங்கே கல் இன்னும் நெருக்கமாக, இன்னும் கவனமாக அடுக்கியிருந்தது, ஏதோ ஒன்றை மூடியவர் மூடினது தெரியக்கூடாது என்று அடுக்கிய மாதிரி.

அந்தச் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். கையில் சரளைத் தூள், உள்ளங்கை எரிந்தது. டெல்லிப் பேச்சுக்குப் புறப்பட்ட அன்று இன்னாசியின் போனை எடுத்தபோதும் கை இப்படித்தான் ஏதோ எரிச்சலில் இருந்தது, கோயம்புத்தூர் ஏர்போர்ட், செக்யூரிட்டி வரிசை, லேப்டாப்பை வெளியே எடுத்துத் தட்டில் வைக்க வேண்டும், பெல்ட்டைக் கழற்றிய ஒருவர் பின்னாலிருந்து நெருக்குகிறார். “அம்மா, தெக்குப் பக்கம் சரிவுக்கு விட்டா பத்துத் தென்னை போகும்னு ஐயா வருத்தப்படுறாரு. ரெண்டு பக்கமும் செவுராவே எழுப்பிடவா?” எழுப்பிடுங்க மேஸ்திரி, வீட்டிலேருந்து தெரியாதில்ல? “தெரியாதும்மா.” இதுவரைக்கும் எப்போதும் ஞாபகம் வரும். இதற்கப்புறம் தட்டு நகர்கிறது, அந்த மெஷினின் உறுமல், வரிசை, டெல்லி. மூன்று மாதமாக இங்கேயே நின்றுவிடும். சரிவு வேறு, படி வேறு, சரிவைப் பற்றித்தான் கேட்டார், படியை அவராகத்தான் விட்டுவிட்டார், ஆகவே கடிதம் முழுப் பொய் இல்லை, பாதிதான். பாதிப் பொய்யில் ஒரு மனிதரை ஸ்டேஷனில் உட்கார வைப்பது பற்றி இங்கிலீஷில் அவளுக்கு நல்ல நல்ல வாக்கியங்கள் வந்தன. ஆனால் இப்போது எதிரே அந்தச் சுவர் இருந்தது, அதன் கல் நெருக்கம் இருந்தது, தட்டு நகரவில்லை. “அப்ப இந்தக் கோடியில படி வருதேம்மா, அது? படி வெச்சா விளிம்ப வெட்டணும். வீட்டிலேருந்து பாத்தா பல்லு விழுந்தாப்ல தெரியும்.” அப்படின்னா வேண்டாம் மேஸ்திரி, விட்டுடுங்க. “யாராச்சும் உள்ள விழுந்துட்டா ஏறி வரணுமில்லம்மா.” யார் மேஸ்திரி விழப்போறாங்க. சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்தது இப்போது காதில் கேட்டது, மோட்டாரை மீறிக்கொண்டு. அந்தப் பக்கம் இன்னாசி சிரிக்கவில்லை. சரிம்மா என்றார். அப்புறம் தட்டு நகர்ந்தது.

மோட்டார் நின்றது.

அத்தனை பெரிய சத்தம் போனவுடன் மிஞ்சின நிசப்தத்தில் முதலில் கேட்டது அவளுடைய மூச்சுதான். அப்புறம் ஒரு மைனா. அப்புறம், வளைவுக்கு அந்தப் பக்கம், அவள் இறங்கிய இடத்துக்கு மேலே, பால் கேனின் கைப்பிடி கிலுங்குகிற சத்தம். நாலு மணிக் கறவை. யாரோ பழைய தடத்திலேயே வந்து, விளிம்பில் நின்று, பாலத்துக்குத் திரும்பப் போகிறார்கள். சுகந்தி கத்தினாள். என்ன சொல்லிக் கத்துவது என்று அதுவரை யோசிக்கவில்லை, வாயில் வந்தது “இங்க, இங்க” என்பதுதான். கிலுக்கல் நின்றது, விளிம்போரமாகவே நெருங்கி வந்தது. ஒரு தலை எட்டிப் பார்த்தது. முப்பது வயது இருக்கும், தலையில் சும்மாடு, ஒரு கையில் கேன். வேலாத்தாளின் மருமகள் துளசிமணி, ஆஸ்பத்திரியில் ஆப்பிளை வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்தவள்.

“அடக் கடவுளே. மேடமுங்களா? உள்ள என்னங் பண்றீங்?”

“விழுந்துட்டேன் துளசி. கால் சுளுக்கிடுச்சு.”

“எப்பங்?”

“ரெண்டரை மணிக்கு.”

“கத்துனீங்களா?”

“கத்தினேன்.”

துளசிமணி கேனைக் கீழே வைத்தாள். “எங்கத்தையும் கத்துச்சாமுங். மோட்டாரு ஓடுனா மேடம் பள்ளத்துல இருந்து ஒண்ணும் கேக்காதுங்.”

“என்ன பள்ளம்?”

“மேடம் பள்ளமுங். நாங்க அப்பிடித்தான் சொல்றது.” சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள், பிறகு கடித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்பதுபோல நிமிர்ந்தாள். “அங்க ஒரு பேப்பரும் போனும் கெடக்குதுங். பேப்பரு பறக்குது.”

“போனை மட்டும் எடுத்துத் தா.”

துளசிமணி போய் எடுத்துவந்தாள், குனிந்து நீட்டிய கையில் பால் வாசனை அடித்தது. ஒற்றைக் காலில் எம்பி வாங்கினாள். ஐந்து தவறிய அழைப்புகள். அழுத்துவதற்குள் ஆறாவது வந்தது.

“என்னங் மேடம், கார் நிக்குது ஆளக் காணோம். நாலு மணிக்கு மேல வக்கீல் வர்றாருங். கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா கையோட குடுத்து உட்ருவேன்.”

“போடமாட்டேங்க.”

“என்னங்?”

“இன்னாசி எனக்குப் போன் பண்ணினார். சரிவைப் பத்தியும் கேட்டார், படியைப் பத்தியும் கேட்டார். விழுந்தா எப்படி ஏறுவாங்கன்னுகூடக் கேட்டார். நான்தான் வேண்டாம்னேன். அதை வேணா எழுதுங்க, வக்கீல் முன்னாலயே போடறேன்.”

மேலே துளசிமணி கேட்டுக்கொண்டிருந்தாள். சும்மாட்டை எடுத்துக் கையில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். அப்படியே விளிம்பில் குந்தி உட்கார்ந்து சுகந்தியைப் பார்த்தாள். அவள் எழுந்து பாலத்தைச் சுற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டால், போகலாம், பால் கறக்க நேரமாகிறது, போனால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. “ஏணி மோட்டார் ரூம்புல இருக்குதுங்” என்றாள் கடைசியில். எழுந்திருக்கவில்லை.

“மேடம், வெய்யில்ல சுத்துனதுல உங்களுக்குத் தல சுத்துதாட்டம் இருக்குது. உள்ள வாங், மோர் குடிச்சுட்டு நிதானமாப் பேசலாங். எங்க இருக்கறீங் இப்ப?” என்றது போன்.

“வராந்தாவுக்கு வந்து பாருங்க.”

கதவு திறக்கும் சத்தம் போனில் கேட்டது. செருப்புச் சத்தம். நின்றது.

“ஆருமில்லீங்களே. துளசிமணி மட்டும் அந்தக் கடேசியில குத்த வெச்சு உக்காந்திருக்கறா. கறவைக்குப் போகாம தரையப் பாத்துட்டு.”

“அவ உக்காந்திருக்கற இடத்துக்கு வாங்க” என்றாள் சுகந்தி. “மெதுவா வாங்க. புல் எங்க முடியுதுன்னு தெரியாது.”